கிரில் பீட்சாவும் ஒரு கம்பி இழையும்

கல்லும் தட்டும் இல்லாமல், பீட்சா மாவை நேரே கிரில் கம்பிகளின் மேல் போட்டுச் சுடுவதை அமெரிக்காவில் பிரபலமாக்கியது ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் 1980-இல் தொடங்கிய அல் ஃபோர்னோ உணவகம். அதே நகரின் மருத்துவமனைக் குழுமம் ஒன்றுக்கு 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை ஆறு பேர் ஒரே காரணத்துக்காக வந்தார்கள். கிரிலைத் தேய்க்கும் பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த கம்பி இழை உணவோடு உள்ளே போயிருந்தது. சிலருக்குத் தொண்டையில் குத்தி விழுங்க முடியாத வலி. சிலருக்குக் குடலில் ஓட்டை விழுந்து அவசர அறுவைச் சிகிச்சை. 2012 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதை வெளியிட்டு எச்சரித்தது.

அவர்கள் பீட்சாதான் சாப்பிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஈரப்பசையுள்ள மாவு கம்பியில் கிடக்கும் எதையும் ஒட்டிக்கொண்டு வரும். இழையோ முடி அளவு மெலிசு; சீஸுக்கு அடியில் கண்ணுக்குப் படாது.

எனவே கம்பி பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள். நம் வீட்டில் தோசைக்கல்லுக்குச் செய்வதையே இங்கும் செய்யலாம்: கிரிலைச் சூடேற்றி, எண்ணெய் தொட்ட பாதி வெங்காயத்தை நீண்ட முள்கரண்டியில் குத்தித் தேய்த்தால் போதும். கறை பிடிவாதமாக இருந்தால் மரச் சுரண்டி இருக்கிறது.

சாப்பிட்டபின் தொண்டையிலோ வயிற்றிலோ குத்தும் வலி வந்தால் அவசரப் பிரிவுக்குப் போய், கிரிலில் சுட்டதைச் சாப்பிட்டதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் மருத்துவர் ஸ்கேனில் கம்பியைத் தேடுவார். கோடையில் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு இன்ஷூரன்ஸ் இல்லையே என்று தயங்கி வீட்டிலேயே கஷாயம் வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். மெடிகேர் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, கையில் பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, ஆபத்தான நிலையிலிருந்து மீட்டாக வேண்டும். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. (பில் பின்னால் வரும், அது வேறு கதை.) மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கவும் உரிமை உண்டு.

பிரஷ்ஷைத் தூக்கிப் போடச் சொன்னேன். ஆனால் அதனால் யாருக்காவது காயம் பட்டிருந்தால் மட்டும் போடாதீர்கள். பிரஷ், வெளியே எடுத்த கம்பி, ரசீது, படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்திடம் 1-800-638-2772 என்ற எண்ணிலோ சேஃபர்ப்ராடக்ட்ஸ்.கவ் தளத்திலோ புகார் தரலாம். புகார் தயாரிப்பாளருக்கும் போய்ச் சேரும். பொருள் திரும்பப் பெறப்பட்டால் பழுதுநீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றில் ஏதாவதொன்று கிடைக்கும். நஷ்டஈட்டு வழக்குக்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் வக்கீலைச் சீக்கிரம் பாருங்கள்.

அபார்ட்மெண்ட்வாசிகளுக்கு இன்னொரு சங்கதி. பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீயணைப்பு விதித்தொகுப்பு, அடுக்குமாடிகளில் மரத்தாலான பால்கனியிலும், தீப்பற்றக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளும் கரி கிரில், கேஸ் கிரில் இரண்டையும் தடுக்கிறது. ஸ்பிரிங்ளர் உள்ள கட்டடம் போன்ற சில விலக்குகள் உண்டு. 1 பவுண்டு சிலிண்டரில் ஓடும் சின்ன கேஸ் கிரிலுக்கும் விலக்கு உண்டு. ஆனாலும் குத்தகை ஒப்பந்தம் அதையும் தடுத்திருக்கலாம், படித்துப் பாருங்கள்.

மழை வந்துவிட்டது என்று கரி கிரிலைக் கராஜுக்குள் இழுப்பதுதான் உயிரை வாங்கும் வேலை. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தணல் முழுவதும் அணையும்வரை வந்துகொண்டே இருக்கும். தலைவலி, மயக்கம், குமட்டல் தெரிந்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து 911-ஐக் கூப்பிடுங்கள்.