மாவைக் கழுவிப் பாருங்கள்

கோதுமை மாவுப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், 100 கிராமுக்குப் புரதம் 11 அல்லது 12 கிராம் என்று போட்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் மைதா பாக்கெட்டில் 10 கிராம்தான் இருக்கும். பிரெட் உப்ப புரதம் வேண்டும் என்று படித்தவர் கோதுமை மாவைத்தான் எடுப்பார். ஆனால் ஓவனிலிருந்து வெளியே வருவது கனத்த கட்டி. அதே ஈஸ்ட், அதே உப்பு, அதே சூடு. மாவை மட்டும் மைதாவாக மாற்றினால் பிரெட் நன்றாக எழுகிறது. புரதம் குறைந்த மாவு எப்படி முந்துகிறது?

பாக்கெட் சொல்வது புரதத்தின் மொத்த அளவை மட்டும். அதில் எவ்வளவு நமக்குப் பயன்படும், அது எவ்வளவு வலுவானது என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. பிரெட்டுக்கு வேண்டியவை குளூட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள். தண்ணீர் பட்டுப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. இழுத்தால் எதிர்த்து நிற்கும் வலுவைக் குளூட்டனின் தருகிறது. அறுந்துவிடாமல் நீளும் தன்மையைக் கிளையடின் தருகிறது. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு இந்த வலைக்குள் தங்கினால்தான் பிரெட் எழும்.

இந்த வலையைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. இத்தாலியின் பொலோனியா நகரத்து அறிஞர் யாகோபோ பெக்காரி 1728இல் தம் ஊர் அறிவியல் கழகத்தில் விவரித்த சோதனையை நம் சமையலறையிலேயே செய்யலாம். அவர் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவினார். மாவுச்சத்து கரைந்து போக, ஒட்டும் தன்மையுள்ள ஒரு பொருள் கையில் மிஞ்சியது. அப்படிப்பட்ட பொருள் விலங்குகளிடம் மட்டுமே கிடைக்கும் என்று நம்பிய காலம் அது. தாவரத்திலும் புரதம் உண்டு என்று காட்டிய முதல் சோதனைகளில் ஒன்று இது.

100 கிராம் மைதாவில் 60 மில்லி தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். உருட்டி, ஒரு கிண்ணம் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். பிறகு தண்ணீருக்குள் வைத்தே மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும், அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்கி, அது ஏறக்குறையத் தெளிந்ததும் நிறுத்துங்கள். கையில் ஜவ்வு போன்ற ஓர் உருண்டை மிஞ்சியிருக்கும். ஈரம் போகப் பிழிந்து எடை போடுங்கள். இதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான்; ஆகவே 30 கிராம் வந்தால் உலர்ந்த குளூட்டன் சுமார் 10 கிராம் என்று கொள்ளலாம். பிரெட்டுக்கு அது போதும். 20 கிராமுக்குப் பக்கத்தில் நின்றால் அந்த மாவை கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைவிட முக்கியமானது அடுத்த வேலை என்பேன். அந்த உருண்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் வலு போதாது. இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டு தொங்கினாலும் போதாது. நன்றாக நீண்டு, கையை விட்டதும் ஓரளவு பின்வாங்க வேண்டும். இரண்டு மாவுகளில் ஒரே எடைக்குக் குளூட்டன் கிடைத்தும் பிரெட் வேறு வேறு உயரத்தில் எழுவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

கனடாவின் சார்லஸ் சாண்டர்ஸ் 1900களின் தொடக்கத்தில் இதே சோதனையை வாயாலேயே செய்தார். புதிய கோதுமை ரகங்களின் மணிகளை மென்று, வாயில் மிஞ்சும் பசையின் வலுவை வைத்து நல்லதைப் பொறுக்கினார். அப்படித் தேர்ந்த ‘மார்க்விஸ்’ ரகம் கனடாவின் மேற்குச் சமவெளி முழுவதும் பரவியது. அதன் பெற்றோரில் ஒன்று ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்ற இந்தியக் கோதுமை.

இனி கோதுமை மாவுக்கு வருவோம். கோதுமை மணியில் ஏறக்குறைய 83 சதவீதம் வெள்ளைப் பகுதி, 14 சதவீதம் தவிடு, மீதி முளைக்கரு. மைதா வெள்ளைப் பகுதியிலிருந்து மட்டும் வருகிறது. முழுக்கோதுமை மாவின் புரதத்தில் ஒரு பகுதி தவிட்டை ஒட்டிய அடுக்கிலிருந்தும் முளைக்கருவிலிருந்தும் வருவது. உடம்புக்கு அது நல்ல புரதம். ஆனால் குளூட்டனாகப் பின்னிக்கொள்ளாது. போதாததற்கு, தவிட்டுத் துகள்கள் வலையை ஆங்காங்கே அறுக்கின்றன, குளூட்டனுக்குச் சேரவேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்கின்றன. முளைக்கருவில் உள்ள குளூட்டாதையோன் என்ற பொருள், வலையின் கண்ணிகளைப் பிணைக்கும் கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கிறது.

அரைக்கும் முறையும் சேர்ந்துகொள்கிறது. மைதா இரும்பு உருளைகளுக்கு இடையே படிப்படியாக உடைபடுகிறது. நம் ஊர் மாவு மில்லில் கோதுமை கல்லுக்கு இடையே உரசி, சூடாக வெளியே வரும். அந்த உரசலில் மாவுச்சத்துத் துகள்கள் நிறைய சிதைகின்றன. சிதைந்த துகள் முழுத் துகளைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும், சீக்கிரம் சர்க்கரையாகவும் மாறும். சப்பாத்தி மென்மையாக இருப்பதும் லேசாக இனிப்பதும் இதனால்தான். பிரெட்டில் இதே குணம் நடுப்பகுதியைப் பிசுபிசுப்பாக்கிவிடும். சப்பாத்திக்கு மிகச் சிறந்த மாவு பிரெட்டில் தோற்றால், மாவைக் குறை சொல்லக்கூடாது. அது வேறு வேலைக்காக அரைக்கப்பட்டது.

சம்பா கோதுமையும் அப்படித்தான். ரவையாக உடைத்து உப்புமா செய்தால் அதன் மணமே தனி. ஆனால் குளூட்டன் வலு குறைவு. உயரமான பிரெட்டை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மைதாவின் வலுவில் சந்தேகம் இருப்பவர்கள் பரோட்டாக் கடையில் நின்று பார்க்கலாம். மாஸ்டர் வீசி விரிக்கும் மாவின் வழியே அடியிலுள்ள கல் தெரியும், ஆனாலும் கிழியாது. நன்றாகப் பிசைந்து எண்ணெய் தடவி ஊறவைத்த குளூட்டனின் நீட்சி அது. பிரெட்டுக்கும் மாவு பதமாகிவிட்டதா என்று இப்படியே பார்க்கிறார்கள்: ஒரு துண்டைக் கிள்ளி மெல்ல விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும்.

அதே மைதாவில் பேக்கரிக்காரருக்கு மட்டும் பஞ்சுபோல வருகிறதே என்றால், அவரிடம் வலுவான இயந்திரம் இருக்கிறது, மாவைத் தேற்றும் சேர்மானங்களும் இருக்கின்றன. 1961இல் இங்கிலாந்தின் சார்லிவுட் ஊரில் உருவான முறை இந்த வழியைத் திறந்தது. மின்னல் வேகத்தில் பிசைந்து, புரதம் குறைந்த உள்நாட்டுக் கோதுமையிலும் பிரெட்டை எழவைத்தார்கள். அத்தகைய சேர்மானங்களில் ஒன்றான பொட்டாசியம் புரோமேட்டுக்கு இந்தியாவில் 2016இல் தடை வந்தது. வீட்டில் நம்மிடம் இருப்பது நேரம். தண்ணீர் விட்டுக் கலந்த மாவை இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தால் பிசையாமலேயே குளூட்டன் பின்னிக்கொள்ளும்.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்து மாவு வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐரோப்பாவில் பல நாடுகளில் ஈரம் நீக்கிய மாவுக்குப் புரதத்தைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க ஆலைகள் 14 சதவீத ஈரத்தோடு கணக்கிடுகின்றன. ஐரோப்பியக் கணக்கில் 12 என்பது அமெரிக்கக் கணக்கில் 10.3தான். பிரெஞ்சு மாவில் காணும் 55, 65 என்ற எண்களோ புரதத்தைக் குறிப்பவையே அல்ல. எரித்தபின் மிஞ்சும் சாம்பலின் அளவு, அதாவது எவ்வளவு தவிடு கலந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

முதல் பிரெட்டை மைதாவிலேயே தொடங்குங்கள். 11 கிராம் புரதம் போட்ட பாக்கெட் கிடைத்தால் நல்லது. தண்ணீர் 100 கிராமுக்கு 62 மில்லி போதும். கை பழகியதும் நூற்றுக்கு 30 பங்கு கோதுமை மாவு சேர்க்கலாம். அதை மட்டும் முன்கூட்டியே தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தவிடு மென்மையாகி வலையை அறுப்பது குறையும். முழுக்க முழுக்கக் கோதுமை மாவு என்றால் மெல்லிய சல்லடையில் சலித்து, 75 முதல் 80 மில்லி தண்ணீர் விட்டு, உயரம் குறைந்த அடர்த்தியான பிரெட்டை எதிர்பார்த்துச் செய்யுங்கள். சுவையில் அது மைதா பிரெட்டை மிஞ்சும்.

மில்லில் அரைத்த மாவைச் சூடு நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் மூடுங்கள். முளைக்கருவின் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம். இரண்டு மூன்று வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, மீதியைக் கோதுமையாகவே வைத்திருங்கள்.