கேமரன் மலைக் குளிரில் காவாட்: சீருடைக்கு உள்ளே என்ன போடலாம்?

“16 டிகிரி எல்லாம் ஒரு குளிரா?” என்று வெளிநாட்டில் படிக்கும் உங்கள் அண்ணன் கேட்கலாம். ஈரத் திடலில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றவரைக் கேட்டுப் பாருங்கள், பதில் வேறு மாதிரி வரும்.

போலீஸ் கேடட், சாரணர், செம்பிறைச் சங்கம், கேஆர்எஸ் என்று நீங்கள் எந்தச் சீருடை இயக்கத்தில் இருந்தாலும் காவாட் பயிற்சி உண்டு. கேமரன் மலையில் படிப்பவர்களுக்கு இது வாராவாரம் வருவது. கீழே ஈப்போவிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ முகாமுக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்தக் குளிர் புதுசு. பொதுப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருப்பதால் “குளிருது சார்” என்று சொல்லி ஒதுங்கவும் பலருக்குத் தயக்கம். அதனால் எப்படி உடுத்துவது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அங்கே ஏன் இவ்வளவு குளிர்?

உயரம்தான் காரணம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் அதற்கும் மேலே. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதாவது, ஈப்போவில் விடிகாலை 25 டிகிரி என்றால் தானா ராத்தாவில் 16 டிகிரி அளவில் இருக்கும். நாட்டின் வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில்தான்: 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, 7.8 டிகிரி.

குளிரை விட ஈரம்தான் மோசம்

காய்ந்த உடையில் 16 டிகிரியைச் சமாளித்துவிடலாம். நனைந்த உடையில் கதை வேறு. தண்ணீர் உடல் சூட்டைக் காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்தும். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மழை இல்லாத நாளிலும் மூடுபனியும் புல்லில் பனி ஈரமும் இருக்கும்.

இன்னொரு ஈரம் நமக்குள்ளிருந்தே வரும்: வியர்வை. குளிருக்குப் பயந்து தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடை பழகினால் உள்ளே நனைந்துவிடும். பிறகு ‘செனாங் டிரி’ சொல்லி நிற்க வைத்ததும், அந்த ஈரமே உடம்பைக் குளிர வைக்கும்.

அப்போ எப்படி உடுத்துவது?

ஒரு தடித்த உடையை விட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் மேல். அவற்றுக்கு நடுவே தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கும்.

• தோலை ஒட்டி: விளையாட்டுக்குப் போடும் போலியெஸ்டர் சட்டை. பருத்தி பனியன் சுகமாக இருக்கும், ஆனால் நனைந்தால் லேசில் காயாது.
• அதற்கு மேல்: மெல்லிய கம்பளி அல்லது ஃப்லீஸ் சட்டை. சீருடைக்கு உள்ளே அடங்கும் அளவில் இருக்கட்டும்.
• மழைக்கு: காற்றும் நீரும் புகாத மழைக்கோட்டு.
• காலுக்கு: ஒரு ஜோடி நல்ல காலுறை, பையில் இன்னொரு ஜோடி. பூட்ஸ் இறுகும் அளவுக்கு இரண்டு காலுறை போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

இது புதுப் பாடம் இல்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் கம்பளியைத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்திக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். 1929இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு கேமரன் மலைச் சரிவுகளில் உழைத்த தமிழர்களுக்கும், மலையில் வேலை செய்வதென்றால் முதலில் உடம்பு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான்.

நிற்கும்போது என்ன செய்யலாம்?

நடக்கும்போது தசைகள் சூட்டை உண்டாக்கும், நின்றால் அது குறையும். முட்டியை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நின்றால் இரத்தம் காலில் தேங்கி மயக்கமும் வரலாம். பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி மடக்கி விடுங்கள். கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்துங்கள். வெளியே யாருக்கும் தெரியாது.

‘எல்லாரும் ஒரே மாதிரி’ என்ற சிக்கல்

ஒருவர் மட்டும் ஸ்வெட்டர் போட்டால் அணி கெட்டுவிடும் என்று பலர் நடுங்கிக்கொண்டே நிற்கிறார்கள். இந்தியாவில் என்சிசி மாணவர்கள் ஜனவரிக் குளிரில் டில்லியில் குடியரசு தின முகாமில் கலந்துகொள்கிறார்கள். அவர்களில் தமிழ்நாட்டு மாணவர்களும் உண்டு. அங்கே தரைப்படைப் பிரிவினருக்குக் காக்கி ஸ்வெட்டர் சீருடையிலேயே சேர்த்தி. எல்லாரும் போடுவதால் யாருக்கும் கூச்சம் இல்லை. உங்கள் அணியிலும் இதைச் செய்யலாம்: முகாமுக்கு முன்பே பொறுப்பாசிரியரிடம் பேசி, ஒரே நிறத்தில் ஒரு குளிர்ச்சட்டையை எல்லாருக்கும் முடிவு செய்துவிடுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

நடுக்கம் ஓர் எச்சரிக்கை. பேச்சு குழறுவது, பொத்தானைக்கூடப் போட முடியாமல் கை தடுமாறுவது, குழப்பம், தூக்கக் கலக்கம் தெரிந்தால் அது ஹைப்போதெர்மியாவாக இருக்கலாம். உடலின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலை அது. உடம்பு நனைந்திருந்தால் கேமரன் மலைக் குளிரிலும் வரலாம்.

உடனே கூரைக்குக் கீழே அழைத்துப் போங்கள். ஈர உடையை மாற்றி, காய்ந்த போர்வை போர்த்துங்கள். முழு நினைவோடு இருந்தால் சூடான மைலோ கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். குழப்பமோ மயக்கமோ இருந்தால் தாமதிக்காமல் 999 எண்ணுக்கு அழையுங்கள்.

பக்கத்தில் நிற்கும் நண்பரின் நடுக்கம் திடீரென நின்றுவிட்டதா? குளிர் பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உடம்பு தோற்றுக்கொண்டிருப்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். வரிசை கலைந்தால் கலையட்டும், கையை உயர்த்தி ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.