நங்கூரம் பொறித்த பதக்கம்

போர்க்களத்தில் பகைவனை எதிர்த்து நின்றவனுக்கு விருது வழங்குவது அரசுகளுக்குக் கைவந்த வழக்கம். புயலில் சிக்கி உடைந்துகொண்டிருக்கும் கப்பலிலிருந்து, முன்பின் அறியாத ஒருவனை மீட்பதற்காகத் தன் பிராணனையே பணயம் வைக்கும் சாமானியனுக்கும் அதற்கு ஈடான கௌரவம் உண்டு என்று ஒப்புக்கொள்ள அவற்றுக்குச் சற்றுக் காலம் பிடித்தது. போர்வீரர்களுக்கான விக்டோரியா சிலுவை 1856இல் ஏற்பட்டுப் பத்து ஆண்டுகள் சென்ற பின்னர், 1866 மார்ச் 7ஆம் தேதி, விக்டோரியா மகாராணியார் காலஞ்சென்ற தம் கணவர் ஆல்பர்ட் இளவரசரின் பெயரால், கடலில் உயிர் காப்போருக்கென ஒரு பதக்கத்தை ஸ்தாபித்துச் சாசனம் பிறப்பித்தார். நீள்வட்ட வடிவம், நடுவே மகாராணியாரின் பெயரெழுத்தும் இளவரசரின் பெயரெழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, அவற்றோடு ஒரு நங்கூரம்.

சாசனத்தின் மை உலர்வதற்குள் அதற்கு உரியவர் கிடைத்துவிட்டார். அதே மார்ச் 23ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் கடற்கரையில் ஒரு பாய்மரக் கப்பல் பாறையில் மோதிச் சிதைந்தபோது, சாமுவேல் பாப்பிள்ஸ்டோன் என்னும் விவசாயி தன்னந்தனியாகப் பாறைகளில் இறங்கினார். அலை அடித்து உருட்டியும் மீண்டும் பற்றி ஏறி, தத்தளித்தவர்களைக் கரை சேர்க்க உதவினார். முதல் ஆல்பர்ட் பதக்கம் பெற்றவர் மாலுமி அல்லர், ஏர் பிடித்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. மறு ஆண்டே பதக்கத்தை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரித்தார்கள். வீரத்துக்கும் வகுப்புப் பிரிக்காமல் இருக்க அதிகாரிகளால் முடிவதில்லை.

நிலத்தில் நிகழும் தியாகங்களுக்கு இதில் இடமில்லாதிருந்த குறையை நீக்கியது வேல்ஸ் தேசத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்று. 1877 ஏப்ரல் 11 அன்று, ராண்டா பள்ளத்தாக்கிலுள்ள டைன்விட் சுரங்கத்தினுள், பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுரங்கத்தின் நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 14 பேர் உள்ளே அகப்பட்டனர். மேடான சந்துகளில் ஒதுங்கியவர்களைக் காத்தது அங்கே அடைபட்டிருந்த காற்றுதான்: ஏறிவந்த நீர் அதை அழுத்த அழுத்த, அழுந்திய காற்றே நீரை மேலே வரவிடாமல் தடுத்து நிறுத்தியது. ஆனால் அந்தக் காப்பே மீட்பின்போது பேராபத்தாயிற்று. சுவரில் துளை விழுந்த கணத்தில், சிறைப்பட்டிருந்த காற்று பீரங்கி போல வெடித்து வெளியேற, உள்ளே அகப்பட்டிருந்த வில்லியம் மார்கன் என்பவர் அவ்வேகத்தில் துளைக்குள் இழுபட்டு மாண்டார். இதனைக் கண்ணாரக் கண்ட பிறகும், வேறொரு மூலையில் ஐவர் உயிரோடிருப்பதற்கு அடையாளமாகத் தட்டும் ஓசை கேட்டதும், நீரை இறைத்துவிட்டுச் சுமார் 38 கெஜ நிலக்கரியை இரவு பகலாக வெட்டிச் சென்றார்கள் அந்தத் தொழிலாளர்கள். ஒன்பது நாட்களுக்கு மேல் அன்னமின்றி இருளில் கிடந்த ஐவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். மார்கனையும் சேர்த்து ஐவர் இறந்தார்கள்; மற்ற நால்வர் முன்பே மீட்கப்பட்டிருந்தனர். நாடே உருகியது. மகாராணியார் பதக்கத்தை நிலத்துக்கும் விஸ்தரித்தார். மீட்டவர்களில் நால்வருக்கு முதல் வகுப்பும், 21 பேருக்கு இரண்டாம் வகுப்பும் கிடைத்தன. அந்நால்வரில் ஒருவரான டேனியல் தாமஸ், 1884இல் வேறொரு சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தபோது, மறுபடியும் பிறரை மீட்க உள்ளே இறங்கி, திரும்பி வரவில்லை.

நிலப் பதக்கத்துக்கு நங்கூரம் இல்லை. நாடாவும் நீலத்துக்குப் பதிலாகச் செந்நிறம். அதை அணிந்தவர்களில் கனடாவின் வான்கூவர் தீவைச் சேர்ந்த இரு குழந்தைகளும் உண்டு. 1916இல், 11 வயது டோரீன் ஆஷ்பர்னம் மீது ஒரு மலைச்சிங்கம் பாய, 8 வயது அந்தோனி ஃபாரர் குதிரைக் கடிவாளத்தாலும் வெறுங்கையாலும் அதை அடித்தான். அது அவனைப் பற்றிக்கொண்டதும், அவள் ஓடித் தப்பாமல், தன் கையையே அதன் வாய்க்குள் கொடுத்து அவனைக் கடிக்கவொட்டாமல் தடுத்தாள். இருவரும் பிழைத்தனர்.

இத்தகைய பதக்கம் ஏன் மறைந்தது? 1940இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் சிலுவை என்னும் புதிய வீர விருதை ஏற்படுத்தியபோது, 1922இல் தோன்றிய பேரரசு வீரப் பதக்கத்தை உடையவர்கள் அதனைக் கொடுத்துவிட்டுப் புதிய சிலுவையைப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று ஆணை பிறந்தது. மூத்ததும் அதற்குச் சற்றும் தாழாததுமான ஆல்பர்ட் பதக்கத்தினருக்கு அந்த வழி திறக்கப்படவில்லை. ஜார்ஜ் சிலுவையின் புகழ் ஓங்க ஓங்க, ஆல்பர்ட் பதக்கம் என்றால் என்னவென்று கேட்கும் தலைமுறை வந்தது. 1949இல் முதல் வகுப்பான தங்கப் பதக்கம் நிறுத்தப்பட்டது; இரண்டாம் வகுப்பான வெண்கலப் பதக்கம் பிறரைக் காக்கச் சென்று மாண்டவர்களுக்கு மட்டுமே என்றாயிற்று. உயிரைக் காத்ததற்கு விருது வாங்க உயிரையே விட்டிருக்கவேண்டும் என்ற விசித்திரமான நிலை 22 ஆண்டுகள் நீடித்தது.

இறுதியில், 1971இல், சுரங்கத் தொழிலாளர்க்கென 1907இல் ஏற்பட்ட எட்வர்ட் பதக்கத்தோடு இதுவும் முற்றும் நிறுத்தப்பட்டது. அப்போது ஜீவித்திருந்த ஆல்பர்ட் பதக்கத்தினர் 64 பேரும் ஜார்ஜ் சிலுவை பெற்றவர்களாகவே கருதப்பட்டு, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ள அழைக்கப்பட்டனர். அந்தோனி அவ்வளவு காலம் வாழவில்லை, டோரீன் மாற்றிக்கொண்டார். அவரையும் சேர்த்து 49 பேர் சம்மதித்தார்கள். எஞ்சிய 15 பேர், கடைத்தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியாத அந்தப் பழைய நீள்வட்டத்தையே தங்களிடம் வைத்துக்கொண்டார்கள்.