தோட்டத்துப் பாதை யாருடைய பொறுப்பு?

தோட்டத்துக்குள் பாதை உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? திம்புள்ளப் பகுதியில் நான் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மூன்று பதில்கள் வருகின்றன. சிலர் துரையிடம் என்கிறார்கள், சிலர் தொழிற்சங்கத் தலைவரிடம் என்கிறார்கள், இன்னும் சிலர் பிரதேச சபை உறுப்பினரிடம் என்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்கு மக்களின் அறியாமை காரணமல்ல. சட்டமே நீண்டகாலம் அப்படித்தான் இருந்தது.

கோப்பி நோயால் அழிந்தபின் தலவாக்கலை, லிந்துலை, அக்கரபத்தனை மலைகளில் தேயிலை ஏறியது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. பாதை, தண்ணீர், மருந்து, பிள்ளைமடுவம் எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன. 1871ஆம் ஆண்டின் கிராமச் சமூகக் கட்டளைச் சட்டம் கிராமங்களுக்குச் சபைகளைக் கொடுத்தபோது தோட்டம் அதற்கு வெளியே நின்றது. 1930களின் இறுதியில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோதும் லயன்களில் வாழ்ந்த தொழிலாளருக்குக் கிராமச் சபை வாக்கு கிடைக்கவில்லை. 1948இல் பிரஜாவுரிமையே பறிபோனது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜேர்மனியின் புருசியாவிலும் பெருநிலக்கிழார்களின் பண்ணைகள் ஊராட்சிக்கு வெளியே தனி அலகுகளாக இருந்தன. ஊராட்சி செய்ய வேண்டிய வேலைகளை நிலவுடைமையாளரே செய்தார். அங்கு வாழ்ந்த கூலியாட்களுக்குத் தெரிவுசெய்ய ஒரு சபை இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டுச் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஆயிரக்கணக்கான பண்ணை அலகுகள் கலைக்கப்பட்டு, பெரும்பாலும் அயல் ஊராட்சிகளோடு இணைக்கப்பட்டன. இன்று சில நூறு பேர் வாழும் ஜேர்மன் கிராமத்துக்கும் தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கலாம். உள்ளூர் விடயங்களைத் தாமே நடத்தும் உரிமையை ஊராட்சிகளுக்கு அந்நாட்டு அரசியலமைப்பின் 28ஆவது உறுப்புரை உறுதிசெய்கிறது.

நம்மிடம் அந்த மாற்றம் தாமதமாகவே வந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது தோட்டங்களும் சபை எல்லைக்குள் இருந்தன. பிரஜாவுரிமை திரும்பக் கிடைத்தவர்கள் வாக்களித்தார்கள், உறுப்பினர்களும் ஆனார்கள். ஆனால் அச்சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. பெருநிலங்களிடம் ஏக்கர் வரி வாங்க அதே சட்டத்தில் இடமிருந்தது. வரி வாங்கலாம், வாக்கு வாங்கலாம், பாதை மட்டும் போட முடியாது என்ற நிலை முப்பது வருடங்கள் நீடித்தது.

2018இல் இரண்டு மாற்றங்கள் நடந்தன. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பெரிய சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரபத்தனையும், அம்பகமுவவிலிருந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும் பிரிந்து வந்தன. பெப்ரவரி 10ஆம் திகதி அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் 33ஆவது பிரிவும் திருத்தப்பட்டு, தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி அங்கே வசதிகளைச் செய்துகொடுக்கச் சபைகளுக்கு வழி திறந்தது.

வழி திறந்தாலும் பணம் வரவில்லை. சந்தை வாடகை, உரிமக் கட்டணம், மதிப்பீட்டு வரி ஆகியவைதான் ஒரு சபையின் சொந்த வருமானம். பட்டினத்துக் கடைவீதியில் இவை கிடைக்கும், லயன்களில் கிடைக்காது. லயத்தில் இருப்பவருக்கு வீடோ காணியோ சொந்தமில்லை. நிலம் அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில் இருக்கிறது. அதனால் மலையகத்தில் உள்ளூராட்சியைப் பற்றிப் பேசினால் பேச்சு கடைசியில் காணி உரிமையில்தான் வந்து நிற்கும்.

2023 மார்ச்சில் நடக்கவிருந்த தேர்தல் தள்ளிப்போனது. இரண்டு வருடங்களுக்கு மேல் சபைகள் உறுப்பினர்கள் இல்லாமல், செயலாளர்களின் பொறுப்பில் ஓடின. 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களிப்பு நடந்தது.

இனி நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைகளுக்கும் பொருந்தும். இந்த வருடம் எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், ஏக்கர் வரியாக எவ்வளவு வந்தது என்று எந்தப் பிரஜையும் கடிதம் கொடுத்துக் கேட்கலாம். துரையிடம் கேட்டால் அது கோரிக்கை. சபையிடம் கேட்டால் அது உரிமை.