நாய்க்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்த வாரம் சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு நாயைப் பற்றி எழுதப் போகிறோம். சிரிக்க வேண்டாம். நம்மை இந்த நாய் விவகாரத்தில் இழுத்துவிட்டவர்களே நம் உறுப்பினர்கள்தான்.

பேராவில் ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். பெரட்டுக் களத்துப் பலகையில் நிர்வாகம் ஒரு தாளை ஒட்டிவிட்டது. சொறி பிடித்துத் திரியும் நாய்களும் தடுப்பூசி போடாத நாய்களும் மாதக் கடைசியில் லயத்திலிருந்து அகற்றப்படும் என்பது அதன் சாரம். அன்று சாயங்காலமே நமக்குத் தொலைபேசி வந்தது. "ஐயா, எங்க நாயைத் தொட்டாங்கன்னா மறுநாள் ஒருத்தரும் பெரட்டுக்கு நிக்க மாட்டோம், ஆமா!"

கோபம் நியாயமானதுதான். தோட்டத்தில் நாய் என்பது பங்களா நாய் மாதிரி அழகுக்கு வளர்ப்பதல்ல. விடியுமுன் வேலைக்குப் போகிறவனுக்கு முன்னால் ஓடுவது அதுதான். செம்பனை மட்டைக் குவியலுக்குள் நாகம் கிடந்தால் முதலில் குரைப்பதும் அதுதான். பால்மரக் காலத்திலும் தீம்பாருக்குத் துணை அதுதானே. நிர்வாகத்திடம் பேசத்தான் வேண்டும் என்று முடிவு செய்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனோம்.

போன இடத்தில் நமக்கு வாயடைத்துவிட்டது. இரண்டாவது லயத்தில் ஒரு வயதான அம்மா வீட்டுப் படிக்கட்டின் கீழே மணி என்கிற நாய் படுத்திருந்தது. காது மடலைத் தூக்கிப் பார்த்தால் ஆமணக்கு விதையைக் கொட்டி ஒட்டவைத்த மாதிரி உண்ணி. முதுகில் மயிர் கொட்டி, கறுப்பாக எதையோ பூசியிருந்தார்கள். லாரியிலிருந்து வடித்த பழைய இஞ்சின் எண்ணெயாம், சொறிக்கு மருந்தாம்! அதே படிக்கட்டில் பேரப்பிள்ளை உட்கார்ந்து ரொட்டி தின்று கொண்டிருக்கிறது. இந்த நாயைக் கொண்டுபோய் மேனேஜர் முன்னால் நிறுத்தி நாம் என்ன வாதாடுவது?

"உண்ணிக்கு என்னம்மா போடுறீங்க?" என்று கேட்டோம். அந்த அம்மா உள்ளே போய் ஒரு சோடா போத்தலை எடுத்து வந்தார். "ஸ்டோர்ல மிஞ்சுன மருந்து தம்பி. ரெண்டு மூடி தண்ணியில கலந்து ஊத்துனா உண்ணி பூரா உதிர்ந்துரும்." போத்தலில் பெயரும் இல்லை, ஒட்டும் இல்லை.

அந்தப் போத்தலைப் பார்த்ததும் நமக்குக் கை நடுங்கியது. காரணம் சொல்கிறோம்.

நமக்கு அப்போது பத்து வயது. தாயார் மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை. வீட்டில் கருப்பன் என்று ஒரு நாய், தோட்டப் பள்ளி வாசல் வரை கூட வந்து மணி அடிக்கும்வரை நிற்கும். அதற்கு உண்ணி அதிகமாகிவிட்டது என்று தகப்பனார் இதே மாதிரி ஒரு போத்தல் மருந்தைத் தகரத்தில் கலந்து ஊற்றினார். நாமும் உடம்பில் கைவிட்டுத் தேய்த்தோம். பொழுது சாயும் நேரத்தில் அதற்கு வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக வடிய ஆரம்பித்தது. பிறகு கால் நடுக்கம், வாந்தி. கண்ணின் கருமணி கடுகு மாதிரி சுருங்கிப் போயிற்று. தாயார் விளக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தார். "எனக்கும் சில நாள் இப்படித்தான் எச்சி ஊறும், கை நடுங்கும்" என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். விடியுமுன் கருப்பன் செத்துவிட்டது. விடிந்ததும் தாயார் பம்பைத் தூக்கிக் கொண்டு வேலைக்குப் போனார்.

பூச்சி மருந்து பலவற்றின் வேலையே நரம்பைப் பிடிப்பதுதான். பூச்சியின் நரம்பு, நாயின் நரம்பு, மனிதனின் நரம்பு என்று அது வித்தியாசம் பார்க்காது. தோல் வழியாகவே உள்ளே போகும். நாய் உடம்பை நக்கும்போது வாய் வழியாகவும் போகும். பாராகுவாட் என்கிற களைக்கொல்லி எத்தனை பேரைக் கெடுத்தது என்பதைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கு இந்நாட்டில் 2002இல் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத்தடை வந்தது. நம் உடம்புக்கு ஆகாது என்று நாம் இத்தனை வருஷம் கத்திய சாமானை நாமே வீட்டுக்குக் கொண்டுவந்து நாய்க்கு ஊற்றலாமா? அந்த நாயைக் கட்டிப்பிடிப்பது யார்? நம் பிள்ளைகள்தானே.

நிற்க. திட்டிவிட்டுத் திரும்பி வந்தால் ஆகாது என்று அன்று பைப்படியிலேயே வேலையை ஆரம்பித்தோம். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் ஏற்கெனவே கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் செய்தோம்.

துணி துவைக்கும் சோப்பு வேண்டாம், அது தோலை வறட்டிவிடும். மண்ணெண்ணெய் கூடவே கூடாது, புண்ணாக்கிவிடும். நாய்க்கென்று விற்கும் ஷாம்புதான் நல்லது. முதலில் கழுத்தைச் சுற்றி நுரை கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் தெள்ளுப்பூச்சி எல்லாம் காதுக்கும் கண்ணுக்கும் ஏறி ஓடும். காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொண்டு, சோப்பு துளியும் தங்காமல் அலசித் துண்டால் துடைக்க வேண்டும். சேற்றில் புரளாத நாய்க்கு மாதம் ஒன்றிரண்டு குளியல் போதும்.

உண்ணி எடுப்பதுதான் பொறுமையான வேலை. காது மடல், விரல் இடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், இந்த நான்கு இடத்தையும் விடக்கூடாது. சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுத்தால் தலையோடு வந்துவிடும். நசுக்காதீர்கள். நெருப்புக் குச்சியால் சுடாதீர்கள். ஸ்பிரிட்டில் போட்டுவிட்டால் செத்துவிடும். உண்ணியால் நாய்க்கு வரும் காய்ச்சல் ரத்தத்தையே கெடுக்கும். நாய் சோறு தின்னாமல் ஈறு வெளுத்துக் கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

அந்த அம்மாவின் மடியில் மணியின் தலை. நாம் எண்ணிக்கொண்டே எடுத்தோம். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

ஆனால் விஷயம் நாயோடு முடியவில்லை. இந்த உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதி நாய்மேல் இருப்பதே இல்லை. பெண் உண்ணி ரத்தம் குடித்து உப்பியதும் கீழே விழுந்து, பலகை இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் சுவரேறி அடுத்த வீட்டுக்குப் போகும். லயத்தில் வீடு ஒட்டி வீடு. ஒரு வீட்டுக்காரர் மட்டும் சுத்தம் செய்தால், பத்தாம் நாள் பக்கத்து வீட்டு உண்ணி விருந்துக்கு வந்துவிடும். ஒருவர் மட்டும் வேலைநிறுத்தம் செய்த கதைதான்! ஆகவே ஒரே நாளில் லயம் முழுக்க நாய்களைக் குளிப்பாட்டி, நாய் படுக்கும் சாக்கைக் கொளுத்தி, பலகை இடுக்கில் கொதிநீர் ஊற்றிக் கூட்ட வேண்டும். பிடரியில் விடுகிற சொட்டு மருந்து வாங்கினால் நாயின் எடைக்குத் தகுந்ததாக வாங்குங்கள். போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் அரிப்பைக் கொஞ்சம் அடக்கலாம். உண்ணி ஒழியும் என்று அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சொறிக்குக் கால்நடை மருத்துவரின் மருந்துதான் வழி.

பூனை வளர்ப்பவர்கள் ஒன்று கவனிக்கவும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிர் போய்விடும். காய்ச்சல் என்று பெனடோல் கொடுத்தாலும் அதே கதி. பூனைக்குக் குளியலும் அவசியமில்லை. தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். சீப்பால் வாரிவிட்டால் போதும்.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் நிர்வாகத்தின் தாளோடு நமக்குச் சண்டை இல்லை. 2015இல் கெடாவிலும் பெர்லிசிலும் பினாங்கிலும் வெறிநாய் நோய் வந்தது. 2017இல் சரவாக்கில் வந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. நோய் முற்றிவிட்டால் மனிதனைக் காப்பாற்ற வழி இல்லை. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அப்போதே கிளினிக்குக்குப் போக வேண்டும். சூனியம் எடுக்கிறவரிடம் போகாதீர்கள்.

மறுநாள் மேனேஜரைப் பார்த்தோம். நாயை விஷம் வைத்துக் கொன்றால் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே என்பதை எடுத்துச் சொன்னோம். அந்தச் சட்டம் சோடா போத்தல் வைத்திருக்கும் நமக்கும் சேர்த்துத்தான் என்பதை லயத்திலும் சொல்லிவிட்டுத்தான் போனோம். ஸ்டோர் மருந்து எப்படி லயத்துக்கு வருகிறது என்று நாம் திருப்பிக் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஒரு மாதத் தவணை கொடுத்தார். ஊசி போடும் நாளில் நாய்களை ஏற்றிப்போகத் தோட்டத்து லாரி தருவதாகவும் ஒத்துக்கொண்டார். எழுத்தில் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.

அந்தத் தாள் பலகையில் இன்னும் ஒட்டியபடிதான் இருக்கிறது. மணிக்கு முதுகில் மயிர் முளைக்க ஆரம்பித்திருக்கிறது. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதே பைப்படியில் மூன்றாவது குளியல். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வரலாம். பழைய துண்டு இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், போன வாரம் பற்றவில்லை.