இருளில் பறந்த பெண்கள்

மை இருட்டு. ஊசியாய்க் குத்தும் குளிர்காற்று. மேல்மூடிகூட இல்லாத சின்னஞ்சிறு ஆகாய விமானம் ஒன்றில் முன்னும் பின்னுமாக இரண்டு இளம் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஜெர்மானியப் படை முகாம். அதை நெருங்கியதும் முன்னால் இருப்பவள் என்ன செய்கிறாள் தெரியுமா? என்ஜினின் ஓசையை அடக்கிவிடுகிறாள்!

"இவளுக்கென்ன பைத்தியமா?" என்று கேட்காதீர்கள். ஓசையில்லாமல் சறுக்கி இறங்கிக் குண்டு போடுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. காற்று இறக்கைகளை உரசும் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். மறுகணம் குண்டு வெடிக்கும். துடைப்பக் கட்டையில் ஏறிப் பறக்கும் சூனியக்காரிகளைப் பற்றி ஐரோப்பாவில் கதை சொல்லுவார்கள் அல்லவா? ஜெர்மன் சிப்பாய்கள் அதை நினைத்து 'இராத்திரிச் சூனியக்காரிகள்' என்று இவர்களுக்குப் பெயர் வைத்தார்கள்.

1941-ல் ஹிட்லரின் படைகள் சோவியத் நாட்டுக்குள் புகுந்தபோது, விமானம் ஓட்டக் கற்றிருந்த பெண்கள் பலர் போர்முனைக்குப் போகத் துடித்தார்கள். மரீனா ரஸ்கோவா என்ற புகழ்பெற்ற வீராங்கனை மேலிடத்தில் வாதாடி அனுமதி வாங்கினார். வால்கா நதிக்கரையிலுள்ள எங்கெல்ஸ் நகரில் பயிற்சி நடந்தது. மூன்று படைப்பிரிவுகள் உருவாயின. அவற்றுள் 588-வது பிரிவில் விமானிகள் மட்டுமல்ல, பழுது பார்ப்பவர்களும் குண்டு ஏற்றுபவர்களுங்கூடப் பெண்களே.

கிடைத்த தளவாடங்களைக் கேளுங்கள். உடுப்பும் பூட்ஸும் ஆண்களுக்குத் தைத்தவை. பூட்ஸுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு நடந்தார்கள். விமானமோ 1920-களில் உருவான 'போ-2'. மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. விமானம் ஓட்டப் பழகுவதற்கும் வயலுக்கு மருந்து தெளிப்பதற்கும் பயன்பட்டது! உச்ச வேகமே மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். இரண்டொரு குண்டுகளைச் சுமந்து போய்ப் போட்டுவிட்டு, திரும்பி வந்து மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரே இரவில் பத்துத் தடவைகூடப் போனார்கள். நதேஷ்தா போபோவா ஓர் இரவில் 18 தடவை பறந்தார்.

அந்த மந்த வேகமே சில சமயம் உயிரைக் காத்தது. ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தால் அவ்வளவு மெதுவாகப் பறக்க முடியாது. சீறி வந்து, குறி வைப்பதற்குள் தாண்டிப் போய்விடும்.

ஆனால், பாராசூட்? 1938-ல் ஒரு நெடும் பயணத்தின் முடிவில் ரஸ்கோவா பாராசூட்டில் குதித்து, காட்டில் பத்து நாள் அலைந்து உயிர் பிழைத்தவர். அவர் திரட்டிய இந்தப் பெண்களுக்கோ 1944 வரையில் அது இல்லை. விமானம் தீப்பிடித்தால் தப்ப வழியே கிடையாது.

1943 ஜூலை 31 இரவு. தெற்கு ருஷ்யாவில் கூபான் பிரதேசம். எதிரியின் விளக்குகள் வானைத் துழாவின. பீரங்கிகள் மட்டும் மௌனமாக இருந்தன. காரணம், எதிரியின் போர்விமானம் மேலே காத்திருந்தது. அன்றிரவு நான்கு விமானங்கள் எரிந்து விழுந்தன. எட்டுப் பெண்கள் மாண்டார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி கலீனா தொகுதோவிச். ஓராண்டுக்கு முன்பு, விமானத் தளத்துப் புல்தரையில் களைத்துப் படுத்திருந்த அவள்மேல் இருட்டில் லாரி ஏறி, முதுகெலும்பு நொறுங்கியது. "இனிப் பறக்க வேண்டாம்" என்று ஒதுங்கியிருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், வலியோடு மறுபடி விமானத்தில் ஏறினாள்.

1945-ல் யுத்தம் முடிவதற்குள் அந்தப் பிரிவு 23,000 தடவைக்கு மேல் பறந்திருந்தது. 23 பேருக்கு 'சோவியத் யூனியன் வீரர்' என்ற மிக உயர்ந்த விருது கிடைத்தது. அவர்களில் ஒருவர் போலினா கெல்மான், கலீனாவின் பள்ளித் தோழி. யுத்தத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? கலீனா!