கரண்ட் ஊருக்கு... சாம்பல் யாருக்கு? எண்ணூரில் ஆராய்ச்சியாளர்கள் தேடும் கணக்கு

எண்ணூர்:-

தோளில் பை, கையில் நோட்டு, பாட்டிலில் ஆற்றுத் தண்ணி. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இப்படி சுற்றி வரும் பல்கலைக்கழக ஆட்களைப் பார்த்தால், "இவங்க என்னதான் ஆராய்ச்சி பண்றாங்க?" என்று பலருக்கும் சந்தேகம் வரும்.

இவர்களின் பாடத்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று ஆற்றல் மாற்றம். அதாவது நிலக்கரியை விட்டு சூரிய ஒளி, காற்று மின்சாரத்துக்கு நாடு மாறுவது. இன்னொன்று சுற்றுச்சூழல் நீதி. லாபம் ஒரு பக்கம், நஷ்டம் இன்னொரு பக்கம் என்று ஏன் பிரிகிறது என்று பார்ப்பது. இரண்டையும் சேர்த்துப் படிக்க எண்ணூரை விட பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம்.

எத்தனை அனல் மின்நிலையம்?

எண்ணூர் அனல் மின்நிலையம் 1970-ல் உற்பத்தியைத் தொடங்கியது. மொத்தம் 450 மெகாவாட். 2017 மார்ச் 31-ல் அது மூடப்பட்டது. ஆனால் அதோடு நிலக்கரி போய்விடவில்லை. 1994-96-ல் வடசென்னை அனல் மின்நிலையத்தில் 630 மெகாவாட் வந்தது. பிறகு 2-ம் கட்டமாக 1,200 மெகாவாட். பக்கத்திலேயே வல்லூரில் 1,500 மெகாவாட். 2024-ல் வடசென்னை 3-ம் கட்டம் 800 மெகாவாட் திறக்கப்பட்டது.

எல்லாம் ஏன் இங்கேயே வருகிறது? எந்திரத்தைக் குளிர வைக்க கடல் தண்ணி வேண்டும். நிலக்கரி இறக்க துறைமுகம் வேண்டும். 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகமே முதலில் நிலக்கரிக்காகத்தான் வந்தது. பெரிய நகரமும் பக்கத்தில் இருக்கிறது. இது என்ஜினீயர் சொல்லும் காரணம். எதிர்த்துக் கேட்க பலமில்லாத ஜனங்கள் இருக்கும் இடமும் இதுதானே என்பது ஆராய்ச்சியாளர்கள் கேட்கும் கேள்வி.

ஆற்றுக்குள் சாம்பல்

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 கிலோ எரித்தால் 30 கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் குழைத்து, பைப் வழியாக சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். பைப் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டிப் போகிறது. பைப் ஓட்டை விழுந்தால் சாம்பல் நேராக ஆற்றில்தான். வருஷக்கணக்கில் இப்படியே கொட்டி ஆறு மேடாகிப் போனது. ஆழம் குறைந்தால் மீன், இறால் தங்காது. வெள்ளமும் வடியாது. சாம்பலில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் போன்றவையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும்.

பாதிப்பு யாருக்கு என்று பார்த்தால் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள், சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கம் ஜனங்கள், ஓலைக் கூடையைப் பல்லில் கடித்தபடி தண்ணிக்குள் கையை விட்டு இறால் பிடிக்கும் இருளர் பெண்கள். கரண்டில் ஏ.சி. ஓடுவது வேறு ஊரில். மூச்சில் சாம்பல் போவது இந்த ஊரில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் கலந்தபோதும், படகும் வலையும் நாசமானது இதே ஆட்களுக்குத்தான்.

மீனவர் தரப்பு தேசிய பசுமை தீர்ப்பாயத்துக்குப் போனது. 2022 ஜூலையில் தென்மண்டல அமர்வு தீர்ப்பு கொடுத்தது. சாம்பல் கசிவுக்கு மின்வாரியம் பொறுப்பு, ஆற்றைச் சரிசெய்ய வேண்டும் என்றது.

அமெரிக்காவில் தொடங்கிய கதை

இந்தப் படிப்புக்கு முன்னோடி அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் புல்லார்ட். 1979-ல் ஹூஸ்டன் நகரில் குப்பைக் கிடங்குகள் எங்கே இருக்கின்றன என்று கணக்கெடுத்தார். மாநகராட்சியின் 5 கிடங்குகளும் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் இருந்தன. நகரத்தில் அவர்கள் நாலில் ஒரு பங்குதான்! குப்பை எங்கே போகிறது என்பதை மேப் போட்டு நிரூபித்தவர் அவர். எண்ணூரில் பைப், குளம், குப்பம் என்று மேப் போடுபவர்கள் செய்வதும் அதே வேலைதான்.

சோலார் வந்தால் தீர்ந்ததா?

இங்கேதான் சிக்கல். இந்தியா 2070-க்குள் நிகர கார்பன் வெளியீட்டை பூஜ்யமாக்குவதாக 2021-ல் அறிவித்தது. ஆனால் சோலாருக்கும் நிலம் வேண்டும். கர்நாடகத்தில் பாவகடா சோலார் பூங்கா 2,050 மெகாவாட், சுமார் 13 ஆயிரம் ஏக்கர். நிலம் விலைக்கு வாங்கப்படவில்லை. ஏக்கருக்கு வருஷம் 21 ஆயிரம் ரூபாய் என்று தொடங்கிய குத்தகை. நிலம் உள்ளவருக்கு வீடு தேடி பணம் வருகிறது. அதே நிலத்தில் களை எடுத்து, கூலி வாங்கிய நிலமில்லாத ஜனங்களுக்கு? வேலை போச்சு. குத்தகையில் பங்கும் கிடையாது.

நிலக்கரி ஆலை மூடினாலும் இதே கதைதான். நிரந்தர ஊழியருக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். நிலக்கரி தள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி, சாம்பல் லாரி டிரைவர், கேட்டுக்கு வெளியே டீக்கடை வைத்தவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் வராது. ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரியை நிறுத்த 2020-ல் சட்டம் போட்டபோது, நிலக்கரி மாவட்டங்களுக்கு 4 ஆயிரம் கோடி யூரோ வரை ஒதுக்கியது. "முதலில் ஆளுக்கு வழி, பிறகு ஆலைக்குப் பூட்டு" என்ற இந்த வழிக்கு நியாயமான மாற்றம் என்று பெயர்.

ஜனங்கள் என்ன செய்யலாம்?

புது அனல் மின்நிலையம் வந்தால், 2006-ம் ஆண்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்பு கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் பேசலாம். பேசியது பதிவாக வேண்டும். ஆனால் சோலார், காற்றாலைக்கு இந்தக் கூட்டம் கட்டாயம் இல்லை. அங்கே கிராம சபையில் கேட்பதுதான் வழி. சாம்பல் எவ்வளவு, எங்கே போகிறது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அந்தப் பதில் பேப்பரைத்தான் ஆராய்ச்சியாளர்களும் தேடி அலைகிறார்கள். சாம்பல் விழும் வாசலில் இருப்பவர் கேட்டு வாங்கி வைத்தால், கோர்ட்டிலும் அது சாட்சியாகும்.